கண்ணை மூடிச் சுட்டது

மார்ச் 3, ஞாயிறு

இன்று சொல்லாதது: துவக்குப் பயிற்சியில் ஒவ்வொரு முறை விசையை இழுத்தபோதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்படியிருந்தும் சித்தியடைந்தேன். சித்தியடைந்தது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மத்தியானம் சாப்பிடும்போது அண்ணா கேட்டார். மாவுக்கட்டுப் போட்ட காலைப் பக்கத்துக் கதிரையில் தூக்கி வைத்திருந்தார். போன கிழமை ஆட்டுக் கொட்டிலுக்குப் போகும் வழியில் ஐஸில் சறுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டார். அதே கிழமையில்தான் மூன்றாவது குட்டியையும் கயோட்டி என்ற இந்த ஊர்க் குள்ளநரி கொண்டுபோனது.

"நான் எழும்பி நடக்க ஈஸ்டர் தாண்டும். அதுக்கிடையில பாதி ஆடு குட்டி போட்டிடும். நீ செய்வியோ, ஆரபி?"

"ஓம்."

"என்ன ஓம்? கயோட்டி சுடுறதைக் கேக்கிறன். பூனை பிடிக்கிறதை இல்லை."

"விளங்குது அண்ணா. ஓம்."

அண்ணாவின் மனைவி, என் மச்சாள், சிரித்தார். "புத்தகத்தால எறிஞ்சு கொல்லப்போறீரோ?"

"கனமான புத்தகம் இருக்கு, மச்சாள்."

அம்மா நான் கேட்காமலே என் கோப்பையில் இன்னும் இரண்டு அகப்பை சொதி ஊற்றினார்.

இலையுதிர் காலத்தில் அண்ணாவுக்குத் துணையாகத்தான் அந்தப் பயிற்சிக்குப் போனேன். கனடாவில், ரொறன்ரோவிலிருந்து மூன்று மணித்தியாலம் தள்ளி இந்தப் பண்ணை. அண்ணா லொறி ஓட்டுவதை விட்டுவிட்டு ஆடு வளர்க்கத் தொடங்கி ஐந்து வருடம். துவக்கைப் பெட்டிக்குள் பூட்டி வைப்போம், ஒருநாளும் எடுக்க வேண்டியிருக்காது என்று நினைத்தேன்.

மார்ச் 5, செவ்வாய்

நாள் முழுக்க வேலை. தொலைபேசியில் மொழிபெயர்க்கிறேன். தமிழ் நோயாளிகளுக்கும் வைத்தியர்களுக்கும் இடையில் முகமில்லாத ஒரு குரல். ஓர் ஐயா "எனக்கு நெஞ்சுக்குள்ள கல்லு வச்ச மாதிரிக் கிடக்கு" என்றால் நானும் ஆங்கிலத்தில் "எனக்கு" என்றே சொல்ல வேண்டும். "அவருக்கு" என்று சொல்லக்கூடாது. இன்று எனக்கு இரண்டு முறை நெஞ்சுவலியும் ஒரு முறை சிறுநீரகக் கல்லும் வந்தன.

பின்னேரம் பாடம். அண்ணா ஜன்னலருகே இருந்தபடி ஊன்றுகோலால் வயலைக் காட்டிக் காட்டிச் சொன்னார். அவரும் இரண்டு முறைதான் வேட்டைக்குப் போயிருக்கிறார். இரண்டு முறையும் ஒன்றையும் காணாமல் திரும்பினார். அதனால் பாதி அவர் சொன்னது, மீதி நான் வாசித்தது. கயோட்டி முதலில் மூக்கால் பார்க்கும், பிறகுதான் கண்ணால். காற்று நம் முகத்தில் அடிக்க வேண்டும், முதுகில் அடித்தால் எழும்பி வீட்டுக்கு வரலாம். முதுகுக்குப் பின்னால் ஒரு மரமோ புதரோ இருந்தால் உருவம் கரைந்துவிடும். பிறகு அதை வரப்பண்ண வேண்டும். அதற்கு ஒரு சின்ன ஊதுகுழல். அடிபட்ட முயல் கத்துவது போல ஊத வேண்டும்.

"எல்லாத்துக்கும் மேல ஒண்டு. என்ன எண்டு தெரியாமல் விசையில விரல் வைக்கப்படாது." இதை இரண்டு தரம் சொன்னார். இரண்டு தரமும் தலையாட்டினேன்.

குளியலறைக்குள் நின்று ஊதிப் பழகினேன். அம்மா கதவைத் தட்டினார்.

"பிள்ளை, வயித்துக்கை ஏதும் செய்யுதோ?"

வெளியே மச்சாள் சிரிப்பை அடக்க முடியாமல் நிலத்தில் இருந்துவிட்டார். அண்ணா தீர்ப்புச் சொன்னார்: "உது அடிபட்ட முயல் இல்லை. கலியாண வீட்டில நாதஸ்வரக்காரர் சீவாளி நனைக்கிற சத்தம்."

எதையும் தேவைக்கு மேல் வாசித்துவிட்டுத்தான் தொடங்குவேன். தள்ளிப்போடுவதற்கு வாசிப்பைப் போல மரியாதையான வழி வேறில்லை. இன்றைக்குக் கயோட்டியின் குடும்ப வாழ்க்கை வாசித்தேன். சோடி பிரியாதாம்.

மார்ச் 6, புதன்

காற்று சரியில்லை. போகவில்லை. காற்று சரியில்லாதது சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 7, வியாழன்

முதல் நாள். விடிய முன்னர் போய் ஓடைக் கரையில் இருந்தேன். கையுறைக்குள் விரல் இருக்கிறதா என்று தெரியாத குளிர். ஊதினேன். ஒரு காகம் வந்து பார்த்துவிட்டு மரியாதையில்லாமல் கத்திக்கொண்டு போனது. வெளிச்சம் வந்த பிறகுதான் கவனித்தேன், காற்று என் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. வாசித்ததையெல்லாம் வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

திரும்பும்போது ஒன்று கண்டுபிடித்தேன். மேற்கு வேலியில், பெரிய மேப்பிள் மரத்தடியில், பனி முழுக்கக் கால் தடங்கள். பழையவை, புதியவை, பெரியவை, சிறியவை. பனியில் ஆங்காங்கே மஞ்சள் கறை. எல்லையைக் காட்டச் சிறுநீர் கழிக்கும் என்று வாசித்திருந்தேன். அதுதான். எல்லாப் பாதையும் அந்த மரத்துக்கே வருகிறது.

அண்ணாவிடம் சொன்னேன். "கெட்டிக்காரி. அங்கயே இரு" என்றார்.

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "எந்த மரம்?"

"மேற்கு வேலி மேப்பிள், அம்மா."

"அங்க காத்துக் கூட. தடிமன் பிடிக்கும்."

"தடிமனுக்குப் பயந்து கயோட்டி சுடேலாது."

அம்மா திரும்பிப்போய் உளுந்து ஊற வைத்தார்.

மார்ச் 8, வெள்ளி

காலை துவக்கை எடுத்தேன். அம்மா வாசலில் நின்றார்.

"வெள்ளிக்கிழமை. இண்டைக்கு வேண்டாம்."

"கயோட்டிக்கு வெள்ளி, செவ்வாய் தெரியாது அம்மா."

"எங்களுக்குத் தெரியுமெல்லோ."

வைத்துவிட்டேன். அம்மாவுக்குக் கீழ்ப்படிவது இவ்வளவு சுலபமாக இருந்தது இதுதான் முதல் தடவை. வீடு முழுக்க வடை வாசம். பின்னேரம் அம்மா வழக்கம் போல ஒரு நடை போய்விட்டு வந்தார். அறுபத்திரண்டு வயதில் இந்தப் பனிக்குள் தவறாமல் நடக்கிறார். நான் நாளெல்லாம் கதிரையில் இருக்கிறேன்.

மார்ச் 9, சனி

அண்ணாவிடம் "தவறிப்போச்சு" என்று சொன்னேன். சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

விடியும் நேரம் மூடுபனி. மேப்பிளுக்கு எதிரே, பழைய விறகுக் குவியலில் முதுகைச் சாய்த்து இருந்தேன். காற்று முகத்தில். எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு முறை ஊதினேன். மூன்றாவது முறை ஊத முன்னரே வந்துவிட்டது. சாம்பல் நிறத்தில் ஓர் உருவம், தலையைத் தாழ்த்தி, அவசரமில்லாமல், தன் வீட்டு வாசலுக்கு வருவது போல நேராக மரத்தடிக்கு வந்தது. என் சத்தத்துக்கு வந்த மாதிரியே இல்லை.

விரல் விசையில் இருந்தது. கண்ணை மூடினேன்.

திறந்தபோது மரத்தடியில் ஒன்றும் இல்லை. கிட்டப் போனேன். பனியில் கொஞ்ச மயிர், இரத்தத் துளிகள். தடம் தெருப்பக்கம் ஓடியது. தெருவில் ஏறிச் சரளைக் கல்லில் மறைந்துபோனது. தெருவுக்கு அந்தப் பக்கம் மார்ஜியின் வீடு.

வந்தது எதுவென்று என்னால் சொல்ல முடியாது. நாலு கால், சாம்பல் நிறம். அவ்வளவுதான் பார்த்தேன்.

மத்தியானம் மார்ஜி வந்தார். எங்களுக்கு இருக்கும் ஒரே அயல். பாடசாலை பஸ் ஓட்டுகிறார், தனியாக இருக்கிறார். நாங்கள் வந்த முதல் மாரியில் அண்ணாவின் வாகனத்தைப் பள்ளத்திலிருந்து இழுத்துவிட்டவர். பால் காய்ச்சியபோது தன் வீட்டுப் பூக்களைச் சாடியில் போட்டுக்கொண்டு வந்தவர்.

சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார்: பிஸ்கட்டை யாராவது கண்டீர்களா? நேற்றுப் பின்னேரம் வெளியே விட்டாராம். இன்னும் வரவில்லையாம்.

பிஸ்கட் அவருடைய நாய். சாம்பல் நிறம்.

மச்சாள் இல்லை என்றார். அண்ணா இல்லை என்றார். மார்ஜி என்னைப் பார்த்தார். இல்லை என்றேன். ஒரு விதத்தில் அது உண்மை. நான் எதையும் காணவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

மார்ஜியோடு தேடப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். மச்சாள், "நீர் அந்தப் பக்கமெல்லாம் திரியிறனீர்தானே, கூடப் போம்" என்றார்.

ஓடை நெடுகிலும் நடந்தோம். மார்ஜி இரண்டு கையையும் வாயருகே வைத்து "பிஸ்கட்!" என்று கூப்பிடுவார். நின்று கேட்பார். பிறகு நடப்பார். நானும் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது.

மார்ஜி பேசிக்கொண்டே வந்தார். கழுத்துப் பட்டி இறுக்கமாகிவிட்டதால் போன கிழமை கழற்றினாராம், புதியது இன்னும் வாங்கவில்லையாம். "எப்படித்தான் இவ்வளவு கொழுத்தானோ, அளந்துதான் சாப்பாடு வைக்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் உங்கள் மேற்கு வேலிப் பக்கம் போவான். சனி காலையிலும் போவான். என்ன கிடைக்கிறதோ தெரியாது, வாயெல்லாம் எண்ணெய் வாசத்தோடு வருவான்."

நான் நின்றுவிட்டேன். சப்பாத்துக்குள் பனி போய்விட்டது என்று சொன்னேன்.

மேற்கு வேலி. வெள்ளிக்கிழமை. எண்ணெய். ஊற வைத்த உளுந்து. பனியில் மஞ்சள் கறை.

நான் எத்தனை புத்தகம் வாசித்திருக்கிறேன்.

மார்ச் 11, திங்கள்

காலை நாலு அழைப்புகள். மூன்றாவதில் வைத்தியர் சொன்னதைத் தமிழில் சொல்ல மறந்து பேசாமல் இருந்துவிட்டேன். "லைனில் இருக்கிறீங்களோ பிள்ளை?" என்று அந்த அம்மா கேட்ட பிறகுதான் சுயநினைவு வந்தது.

மத்தியானம் அண்ணாவும் மச்சாளும் கால் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குசினியில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மேற்கு வேலியில என்ன வைக்கிறியள் அம்மா?"

கத்தி நிற்கவில்லை. "வைரவருக்கு."

"எந்த வைரவர்?"

"எங்கட வைரவர். உன்ர அண்ணன் காணி வாங்கின கிழமையே மரத்தடியில ஒரு கல்லு வச்சனான், ஊரில கிடுகு வேலிக்குள்ள இருந்த மாதிரி. ஆடு மாடு நிக்கிற இடத்தில காவலுக்கு ஆள் வேண்டாமோ? வெள்ளிக்கு வெள்ளி நாலு வடை, ஒரு பிடி மஞ்சள் சோறு. கொண்ணனுக்குச் சொன்னால் எலி வரும், பூச்சி வரும் எண்டு கத்துவான். சொல்லாதை."

"அதை ஆர் தின்னுறது?"

"ரெண்டு நாய். மார்ஜியின்ர கொழுத்த நாய் பின்னேரமே வந்திடும். மற்றது மெலிஞ்சது, விடியத்தான் வரும். பாவம், ஆரும் வளக்கேல்லப் போல. வைரவருக்கு வச்சதை நாய் தின்னுறது நல்லது."

"அம்மா, அந்த மெலிஞ்சது நாய் இல்லை. கயோட்டி."

"வைரவற்ற வாகனம் எது எண்டு நீ எனக்குப் படிப்பிக்க வேண்டாம்."

"நீங்கள் சாப்பாடு வச்சுக் கூப்பிட்டிருக்கிறியள். கொட்டில் மணம் பிடிச்சு அது பிறகு குட்டியளிட்டப் போயிருக்கு."

அம்மா என்னைப் பார்த்தார். வெங்காயத்தால் கண் கலங்கியிருந்தது. வெங்காயத்தால் என்றுதான் நினைக்கிறேன்.

"அதைவிடு. உனக்கென்ன, மூண்டு நாளாச் சாப்பிடேல்ல?"

"சனிக்கிழமை நான் சுட்டனான். பட்டிருக்கு. இரத்தம் கிடந்தது."

"எதுக்குப் பட்டது?"

"தெரியாது."

"தெரியாதெண்டால்?"

"கண்ணை மூடிட்டன் அம்மா."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். குழாயைத் திறந்து கை கழுவினார். கழுவி முடிந்த பிறகும் தண்ணீர் ஓடியது.

"அப்ப நான்தானே மூடச் சொன்னனான்," என்றார்.

எந்த அப்ப என்று நான் கேட்கவில்லை. ஊரில் சண்டை நடந்தபோது எனக்குப் பதினொரு வயது. அம்மாவின் கை என் காதை எப்படிப் பொத்தும் என்று இப்போதும் தெரியும்.

குழாயை மூடிவிட்டு அவர் சொன்னார்: "மார்ஜியிட்டப் போய்ச் சொல்லு."

"நிச்சயமாத் தெரிஞ்ச பிறகு சொல்லலாம்."

"அவ மூண்டு நாளா ஓடைக்கரையெல்லாம் கத்திக்கொண்டு திரியிறா. நீ சொல்லாட்டி நான் போய்ச் சொல்லுவன், என்ர இங்கிலீசில."

அம்மாவின் இங்கிலீசில் "யுவர் டோக், மை டோட்டர், டும்" என்று வரும். அதைவிட நான் சொல்வது நல்லது.

மார்ச் 12, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

அம்மாவும் வந்தார். கறுப்புக் கோட், தலையில் அண்ணாவின் கம்பளித் தொப்பி. மார்ஜியின் மேசையில் பிஸ்கட்டின் படம் போட்ட காகிதங்கள் அடுக்கிக் கிடந்தன, தந்திக் கம்பங்களில் ஒட்டுவதற்கு.

அம்மாதான் தொடங்கினார். "சொல்லு பிள்ளை. நாய் எங்கட வேலிக்கு வந்தது என்ர வேலை. நான்தான் சாப்பாடு வச்சுப் பழக்கினனான். பிழை என்ர எண்டு சொல்லு."

மொழிபெயர்த்தேன். பழக்கத்தில் "நான்தான் சாப்பாடு வைத்துப் பழக்கினேன், பிழை என்னுடையது" என்றே வந்தது. மார்ஜி குழம்பிப்போய் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா சொல்கிறார்" என்று சேர்த்துக்கொண்டேன்.

பிறகு என்னுடைய முறை. வேறு ஒருவருடைய வலியை நாள் முழுக்கச் சொல்லும் வாய்க்கு இரண்டு வசனம் வரவில்லை. கடைசியில் இப்படிச் சொன்னேன்: சனி காலை அந்த மரத்தடியில் நான் ஒரு மிருகத்தைச் சுட்டேன். சாம்பல் நிறம். சுடும்போது கண்ணை மூடியிருந்தேன். அது பிஸ்கட்டாக இருக்கலாம்.

மார்ஜி படத்தின் விளிம்பை விரலால் நேராக்கினார். பிறகு மற்ற விளிம்பை. நான் கேட்டபோது காணவில்லை என்றாயே என்றார். ஓம் என்றேன். என்னோடு ஓடைக்கரையெல்லாம் வந்து கூப்பிட்டாயே என்றார். ஓம் என்றேன்.

"நீங்கள் இப்போது வீட்டுக்குப் போங்கள்" என்றார். சத்தம் போடவில்லை. கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினார்.

வரும் வழியில் அம்மா என் கையைப் பிடித்திருந்தார். சறுக்கும் என்பதால்.

"கோவத்தில கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்," என்றேன்.

"கத்துவா. கொஞ்ச நாள் செல்லும்."

இரவு நித்திரை வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 13, புதன்

அண்ணாவிடமும் சொன்னோம். வைரவரையும் சேர்த்து.

"அப்ப அஞ்சு வருசமாக் கயோட்டிக்கு வடை சுட்டுப் போட்டு வளத்திருக்கிறியள்."

"அஞ்சு வருசத்தில இந்த வருசம்தானே குட்டி போனது," என்றார் அம்மா. "கொட்டிலுக்குப் பின்பக்க வேலி பிஞ்சு கிடக்கு எண்டு பனிக்கு முன்னமே சொன்னனான். நீ வேலி திருத்தாததுக்கு வைரவர் என்ன செய்வார்?"

மச்சாள் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

அண்ணா பின்னேரம், "நான் போயிருந்தாலும் மூடுபனிக்கை அதுதான் நடந்திருக்கும்" என்றார். நடந்திருக்காது. ஆனாலும் சொன்னார்.

மார்ச் 14, வியாழன்

பிஸ்கட் உயிரோடு இருக்கிறது.

முதலில் வாகனச் சத்தம் கேட்டது. ஜன்னலால் பார்த்தேன். மார்ஜி இறங்கினார். மற்றக் கதவைத் திறந்தார். அதற்குள்ளிருந்து, அவசரமே இல்லாமல், முதலில் முன்கால்கள், பிறகு வயிறு, பிறகு மீதி. நான் வெறுங்காலோடு வெளியே ஓடியிருக்கிறேன். மச்சாள் சொல்லித்தான் தெரியும்.

உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். வெள்ளி பின்னேரமே வடையைத் தின்றுவிட்டுத் தெருவுக்குப் போயிருக்கிறது. பால் வண்டி ஓட்டும் ஒருவர், கழுத்தில் பட்டி இல்லாததால் யாரோ கைவிட்ட நாய் என்று நினைத்து ஏற்றிக்கொண்டுபோய்த் தன் வீட்டில் வைத்திருக்கிறார். பிள்ளைகள் "கப்டன்" என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நேற்று மிருக வைத்தியரிடம் காட்டப் போனபோது தோலுக்குள் இருந்த அடையாளச் சிப்பை வாசித்து மார்ஜிக்கு அறிவித்திருக்கிறார்கள். நான் சுட்டபோது பிஸ்கட் யாருடைய வீட்டுச் சோபாவிலோ படுத்திருந்தது.

"கப்டன் என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறான், துரோகி," என்றார் மார்ஜி.

பிறகு என்னைப் பார்த்தார். "இரண்டு நாள் உன்னை வெறுத்தேன். அவ்வளவும் வீணாகப் போனது."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "பொய் சொன்னதற்கு இன்னும் கொஞ்சக் கோபம் மிச்சம் இருக்கிறது. அது தானாகப் போகும். உன் அம்மாவிடம் ஒன்று சொல். மிருக வைத்தியர் இவனுக்குக் கட்டுப்பாடு சொல்லியிருக்கிறார். பொரித்தது ஒன்றும் கொடுக்க வேண்டாமாம்."

அம்மாவுக்குச் சொன்னேன்.

"உளுந்து உடம்புக்கு நல்லதெண்டு சொல்லு," என்றார் அம்மா. அதை மொழிபெயர்க்கவில்லை.

மார்ஜி போன பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அம்மா தட்டவில்லை.

மார்ச் 15, வெள்ளி

நேற்றைய சந்தோஷத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். பட்டது பிஸ்கட்டுக்கு இல்லை என்றால், வேறு ஒன்றுக்குப் பட்டிருக்கிறது.

காலை மச்சாள் கொட்டிலிலிருந்து ஓடி வந்தார். "இஞ்சாருங்கோ, பின்வேலியடியில ஒண்டு நிக்குது. பகல்ல, பயமில்லாமல். மூண்டு காலாலதான் நடக்குது." அண்ணா ஊன்றுகோலைத் தேடி எடுக்க முன்னர் அது போய்விட்டது.

"காயப்பட்டது ஓடி இரை பிடிக்கேலாது," என்றார் அண்ணா. "இனி அதுக்குக் குட்டியளை விட்டால் வேற சாப்பாடு இல்லை."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அது இன்னும் மோசம்.

இன்று வடை இல்லை. அம்மா மேப்பிளடிக்குப் போய்க் கல்லை எடுத்துவந்து, கழுவி, கொட்டில் வாசலுக்குப் பக்கத்தில் வைத்தார். கற்பூரம் கொளுத்தினார். திரும்பி வந்து என் அறை வாசலில் நின்றார்.

"அது நோவோட திரியுதெல்லோ."

"ஓம்."

"ஆறு நாளா."

"ஓம் அம்மா."

"வைரவற்ற எண்டாலும் சரி, ஆற்ற எண்டாலும் சரி. நீ தொடங்கினது. அப்பிடியே விடேலாது."

"திரும்பவும் மூடிட்டனெண்டால்?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். "இனி மூட வேண்டாம். நான் சொல்லுறன்."

மார்ச் 16, சனி

பயிற்சித் திடலுக்குப் போனேன். மச்சாள் வாகனம் ஓட்டினார், பக்கத்தில் நின்று என் கண்களையே பார்த்தார். மூடும் ஒவ்வொரு முறையும் "மூடினீர்" என்றார். பரீட்சை மண்டபத்து ஆசிரியை மாதிரி. மத்தியானமளவில் அப்படிச் சொல்வதை நிறுத்தினார். "என்ன, களைச்சிட்டியளோ?" என்று கேட்டேன். "இல்லை, நீர் மூடேல்ல," என்றார்.

மார்ச் 17, ஞாயிறு

விடியலில் போனேன். மூடுபனி இல்லை. ஊதுகுழலை எடுத்துப் போகவில்லை. அடிபட்ட ஒன்றை, அடிபட்டது போல நடித்துக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

வெயில் மரங்களின் உச்சியில் பட்டபோது வந்தது. இடது முன்கால் மடங்கித் தொங்கியது. நின்றது. மேப்பிளின் வேரடியை மோந்தது. அங்கே ஒன்றும் இல்லை. வேரைச் சுற்றி இன்னொரு தரம் மோந்தது.

குறிபார்க்கும் கண்ணாடிக்குள் முழுதாகத் தெரிந்தது. காதுகளின் உட்பக்கம் வெளிர் நிறம். கழுத்து மயிர் நுனி கறுப்பு. மஞ்சள் கண். நாய் இல்லை. இவ்வளவு தெளிவாக ஒரு மிருகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே விசையை இழுத்தேன்.

சத்தம் கேட்டிருக்க வேண்டும். நினைவில் இல்லை. விழுந்தது நினைவில் இருக்கிறது. ஓர் அடிகூட நகரவில்லை. கிட்டப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். பசிதான் வந்தது. வீட்டுக்குப் போகும்போது வாசலில் அம்மா நின்றார். தலையை மட்டும் ஆட்டினேன். "சரி," என்றார். "புட்டு ஆறப்போகுது. வா."

மூன்று முறை போட்டுச் சாப்பிட்டேன்.

மார்ச் 18, திங்கள்

புதைக்க வேண்டும் என்று அம்மா சொன்னார். நிலம் இறுகிக் கிடக்கிறது. மச்சாளும் நானும் மாறி மாறிக் கொத்தினோம், மண்வெட்டி ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கவில்லை. அண்ணா கதிரையில் இருந்தபடி ஆலோசனை சொன்னார். "ஆலோசனையாலயே தோண்டுங்கோவன்" என்று மச்சாள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே போய், எனக்குச் சொல்லாமல், மார்ஜிக்குத் தொலைபேசி எடுத்தார்.

மார்ஜி பாடசாலைப் பிள்ளைகளை இறக்கிவிட்டு டிராக்டரோடு வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம், ஓடையிலிருந்து தள்ளிக் குழி தோண்டினார். இயந்திரத்தை நிறுத்தாமல், ஆழம் போதுமா என்று என்னைப் பார்த்துக் கத்திக் கேட்டார். இன்னும் கொஞ்சம் என்றேன். இன்னும் கொஞ்சம் தோண்டினார். மண்ணைப் போட்டு மூடினார். பிறகு எல்லோரும் குசினிக்குள் வந்து இஞ்சித் தேநீர் குடித்தோம்.